சத்தமில்லாமல் இறங்கிய லொறி

மில்லில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கு,

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. அந்தக் கடைசி வருஷத்திலும் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துக் கோணலாக இருக்கும், சிலது மறந்துபோகும், சிலது முன்பின்னாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். மில் முதலாளி ஹாஜியாரின் மகன் வீட்டுக்கு வந்து, "மாமி, அந்தப் பழைய லொறியளப் புதுப் பொடியன்மார் ஓட்டி கியர் பெட்டிய உடைக்காங்க. நீங்க ஓட்டின விதத்த ரெண்டு தாள்ல எழுதித் தாங்க, நான் வாசிச்சுக் காட்டுறன்" என்று கேட்டார். நேரில் வந்து பேசச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நாலு ஆண்கள் நின்றால் எனக்கு வாய் திறக்காது. தாளுக்கு முன்னால் அந்தப் பயம் இல்லை.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றேதான். "இந்தச் சின்னக் கையால அந்தக் கியர எப்படிப் போட்டீங்க?" கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதில் என்ன வித்தை இருக்கிறது? இரண்டு தரம் கிளச்சை மிதி, நடுவில் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்று, சத்தம் ஒத்துவருகிறபோது தள்ளு. ஒரு மாதம் ஓடினால் கால் தானாகவே பழகிவிடும். பழகாமல் கியர்ப் பற்களை உடைத்தாலும் மேசன் வீடு கட்டுவதுபோல் மெக்கானிக் திரும்பக் கட்டிவிடுவான். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது இல்லை. அது எனக்கு ஒரே ஒரு நாளில் தெரியவந்தது. அந்த நாளைத்தான் எழுதப்போகிறேன்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் மில்லின் சாரதி. மூக்கு நீண்ட பழைய லொறி ஒன்று, வயலில் இருந்து சம்மாந்துறை மில்லுக்கு நெல் ஏற்றுவது. அவருக்குப் பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மூன்று மாதம் சாய்மனைக் கதிரையில் கிடந்து கூரையைப் பார்த்தார். வாய் திறந்து கதைப்பதும் குறைந்துபோயிற்று. அப்போது நான்தான் ஹாஜியாரிடம் போய், லொறியை நான் ஓட்டுகிறேன் என்றேன். எனக்குத் தைரியம் வந்து போனேன் என்று நினைக்காதீர்கள். அரிசி போடும் வாளியின் அடி தெரிந்தது, அதனால் போனேன். அவர் ஓட்டிய காலத்திலேயே ஓய்வு நாட்களில் மில் வளவுக்குள் எனக்கு லொறி பழக்கியிருந்தார். பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டேன்.

ஹாஜியார் நல்ல மனிதர், ஆனால் கதையில் கறார். "ஒரு போகத்துக்குப் பாப்பம். ரோட்டுல இருந்து ஒரு முறைப்பாடு வந்தா சாவியத் தந்திரணும். பிறகு என்னோட அழப்படாது" என்றார். சரி என்றேன். துணைக்கு என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றார்.

ஹாஜியாருக்கு நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது.

அந்த லொறியின் கியர் லீவர் எனக்கு இடது பக்கம். பக்கத்து ஆசனத்தில் இருக்கும் அவருக்கு அது வலது பக்கம். அவருடைய நல்ல கை வலது கை. முதல் நாளே என் கையைத் தட்டிவிட்டுத் தன் கையை லீவரில் வைத்துக்கொண்டார். "நீ கிளச்ச மிதி, மத்தத நான் பாத்துக்குவன்." அப்படியே பழகிவிட்டது. நான் கிளச்சை மிதித்து "ம்" என்பேன், அவர் கியரைப் போடுவார். ஸ்டியரிங், பிரேக், கிளச் என்னிடம். லீவர் அவரிடம். ஒரு லொறியைப் புருஷனும் பெண்சாதியும் பாதி பாதியாக ஓட்டினோம். சிரிக்க வேண்டாம், நன்றாகத்தான் ஓடியது. லீவரில் கை வைத்த பிறகுதான் அவருக்குக் கதையும் திரும்பி வந்தது. வந்ததும் ஏசத் தொடங்கினார். "மெதுவா மிதி." "தேங்காயா திருவுறாய்?" "உன்ட உம்மாட வீட்டு அம்மி எண்டு நினைச்சியா?" கூரையைப் பார்த்துக் கிடந்ததை விட அந்த ஏச்சு எனக்கு எவ்வளவோ மேல்.

ஆனால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். இறக்கம் கண்டால் கியரைக் கழற்றி நியூட்ரலில் விடுவார். டீசல் மிச்சமாம். நம்முடைய கரையோரம் தட்டை நிலம். மலை கிடையாது, பள்ளம் கிடையாது. இருக்கிற இறக்கமெல்லாம் பாலத்து இறக்கமும் குளக்கட்டு இறக்கமும்தான். ஆகவே நம் சாரதிகளுக்கு இறக்கம் என்றால் அது அல்லாஹ் இலவசமாகத் தந்த தூரம். மலைநாட்டு ரோட்டில் ஓடுகிறவன் இறக்கத்துக்குப் பயப்படுவான். நாம் அதைக் கண்டால் சந்தோஷப்படுவோம். இதைச் சொன்னால் இப்போதும் உங்களில் பாதிப் பேர் முகத்தைத் திருப்புவீர்கள், எனக்குத் தெரியும்.

வெள்ளாமை வெட்டுக் காலம். வீரமுனைக்குப் பின்னால் வயலுக்குள் போகும் ரோட்டில் ஒரு குளக்கட்டை ஏறி இறங்க வேண்டும். லொறி நிறைய நெல் மூட்டை. கட்டின் மேல் வந்ததும் நான்காம் கியரில் இருந்து மூன்றுக்கு இறக்க வேண்டும் என்று கிளச்சை மிதித்து "ம்" என்றேன். லீவர் அசைந்தது. கிளச்சை விட்டேன். எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது.

மூன்றில் விழுந்திருந்தால் எஞ்சின் உறுமும். இது பூனை மாதிரிக் கிடந்தது.

"போட்டீங்களா?"

"போட்டுத்தான் இரிக்கி. நீ ரோட்டப் பாரு."

அவர் பொய் சொல்கிறார் என்று என் காதுக்குத் தெரியும். "இல்ல, போடல்ல" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயத்தினால் இல்லை. அவர் கையில் மிஞ்சியிருப்பது அந்த லீவர் ஒன்றுதான், அதிலும் பிழை பிடிப்பதா என்று நினைத்தேன். தம்பிமாரே, லொறி உருளும்போது நினைக்கிற நினைப்பா இது? இன்றைக்கு நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

இறக்கத்தின் அடியில் ரோட்டின் எங்கள் பக்கப் பாதியில் நெல் காயப் போட்டிருந்தது. ஓரத்தில் வாகனம் ஏறாமல் கல் வரிசை. இதுவும் நம் ஊர்ப் பழக்கம்தான். ரோடு போட்டது நெல் காயவைக்க என்று நினைக்கிறார்கள், நாம் ஏதோ அவர்கள் முற்றத்தில் லொறி ஓட்டுகிறோமாம். அந்த நெல்லுக்கு நடுவே ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நெல்லைக் கிண்டிக்கொண்டு போனாள். மற்றப் பக்கத்தில் ஒரு ஓட்டோ வந்துகொண்டிருந்தது. பின்னால் ஆட்கள் நெருங்கி இருந்தார்கள்.

பிரேக்கை மிதித்தேன். அவ்வளவு பாரத்தோடு உருண்டு வரும் பழைய லொறியின் பிரேக் எவ்வளவு கேட்கும்? கொஞ்சம் குறைந்தது. நிற்கிற மாதிரி இல்லை.

அப்போது நான் விட்ட பிழைதான் நம்மவர் மட்டும் விடக்கூடிய பிழை. சிறு வயதில் இருந்து, நெல்லை மிதிக்காதே, பரக்கத்துப் போய்விடும், வீட்டில் விருத்தி இராது என்று கேட்டு வளர்ந்த உடம்பு. என் கை தானாகவே நெல்லை விட்டு வலது பக்கம் ஸ்டியரிங்கை வெட்டியது. ஓட்டோவுக்கு நேரே. நெல்லைக் காப்பாற்றி மனிதரை மோதப் போனேன். ஓட்டோக்காரன் லைட்டை அடித்தான். அந்த வெளிச்சத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது.

"பிரேக்! பிரேக் அடி புள்ள! பிரேக்!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அவர் கை லீவரில் இல்லை. முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நெல்லின் மேல் பிரேக் அடித்தால் என்ன ஆகும் என்று யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா உங்களுக்கு? சில்லு நின்றுவிடும், லொறி நிற்காது. நெல் மணி சில்லுக்கு அடியில் உருளும். பாரத்தோடு பக்கவாட்டில் சறுக்கி அந்தப் பெண்ணையும் வாரிக்கொண்டு வாய்க்காலில் விழும். ஆகவே நெல்லுக்குள் போவதானால் பிரேக்கை விட்டுவிட்டுப் போக வேண்டும். பிரேக்கை விடுவதானால் எஞ்சின் பிடிக்க வேண்டும். எஞ்சின் பிடிக்கக் கியர் வேண்டும்.

இதெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஸ்டியரிங்கைத் திரும்ப நெல்லுக்கு நேரே திருப்பி, பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன். அவருடைய கை இருந்த இடத்தில் என் கையை வைத்தேன். குமிழ் அவருடைய வியர்வையில் ஈரமாக இருந்தது. மில் வேலைக்கு வந்த பிறகு ஓடும் லொறியில் அந்த லீவரை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. எஞ்சினை அலற ஏற்றி, இரண்டாம் கியருக்குத் தள்ளினேன். பற்கள் கத்தின. திரும்பவும் ஏற்றி, தோளையும் சேர்த்துக் கொடுத்துத் தள்ளினேன். விழுந்தது.

எஞ்சின் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் ஒரே பாய்ச்சலில் வாய்க்காலுக்குள். நான் பிரேக்கைத் தொடாமல், ஸ்டியரிங்கை நேரே பிடித்துக்கொண்டு, கல்லையும் நெல்லையும் அரைத்துக்கொண்டு போனேன். ஓட்டோ உரசாமல் கடந்தது. நெல் முடிந்து தார் வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். நின்றது.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "ஹாஜியார் கேட்டா பிரேக் பிடிக்கல்ல எண்டு செல்லு. வேற ஒண்டும் கதையாத."

நான் தலையாட்டினேன். முறைப்பாடு போனால் சாவி போகும். பிரேக் பிடிக்கவில்லை என்றால் பழி லொறிக்கு. லொறிக்கு வாய் இல்லை.

அந்தப் பெண் இடுப்பு வரை சேறோடு ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். சாரதியை ஏசுவதற்கென்று வாயைத் திறந்து கதவுக்குக் கிட்ட வந்தவள், முக்காடு போட்ட என்னைக் கண்டு ஒரு கணம் நின்றாள்.

"நீயா ஓட்டின?"

"ஓம் அக்கா."

"அப்ப உனக்குத்தான் ஏச்சு." தொடங்கினாள். எழுத முடியாது.

"வேற நெல்லு வாங்கித் தாறன் அக்கா" என்றேன்.

"வேற நெல்லா? இது விதை நெல்லுகா! அடுத்த போகத்துக்கு என்ட வயலுக்கு இதத்தான் நான் போடணும். மில்லு நெல்ல விதைச்சா உன்ட மூஞ்சியா முளைக்கும்? இறங்கு. இறங்கி உடையாதது எல்லாம் பொறுக்கித் தந்துட்டுப் போ."

இறங்கினேன். லொறியை ஓரமாக விட்டுவிட்டு, வெயிலில் ரோட்டில் குந்தி இருந்து, அவள் தந்த சுளகில் நெல் புடைத்தேன். சில்லு ஏறிய இடத்து நெல் உமி வேறு அரிசி வேறாகக் கிடந்தது. ஏறாத இடத்தைக் கூட்டி அள்ளினோம். லொறிக்குள் இருந்து அவர், "எவ்வளவு நேரம்? மில்லுல தேடுவாங்க" என்று சத்தம் போட்டார்.

"உன்ட மாப்புளயா?"

"ஓம்."

"அவருக்கு இறங்கிப் பொறுக்க ஏலாதாமா?"

"கை கால் வழங்காது."

அவள் இன்னொரு பிடி நெல்லை என் சுளகில் அள்ளிப் போட்டாள். பிறகு தானாகவே சொன்னாள். "நீ வாறது எனக்குக் கேக்கவே இல்லகா. மத்த லொறியெல்லாம் கட்டுல வரக்குள்ளயே கத்தும், நான் விலகிருவன். நீ பேய் மாதிரி வந்தாய்."

"நியூட்ரல்ல வந்த அக்கா."

"அதென்ன?"

"எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடுப்பு இல்ல. லொறி தானா உருளும்."

அவள் சுளகை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப ஆரு ஓட்டுற?"

அதற்குள் எங்கள் லொறிக்குள் இருந்து ஹோன் விடாமல் கத்தியது. நிமிர்ந்து பார்த்தேன். நான் திறந்து விட்ட கதவுப் பக்கம் அவர் எட்டிச் சரிந்து, ஸ்டியரிங்கில் உள்ள ஹோனை ஒரு கையால் அமத்திக்கொண்டு எங்களுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லித் தலையை ஆட்டினார். திரும்பினேன். நம் மில்லின் அடுத்த லொறி கட்டில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு கிட்ட வந்துவிட்டது, ஒரு சத்தம் இல்லை. சில்லுக்கு அடியில் சின்னக் கற்கள் நொறுங்கும் சத்தம் மட்டும் சாதுவாகக் கேட்டது. இருவரும் சுளகைப் போட்டுவிட்டு ஓடினோம். இந்த முறை வாய்க்காலுக்குள் நானும் விழுந்தேன்.

அந்த லொறி நாங்கள் கூட்டிய குவியலின் ஓரத்தைக் கலைத்துக்கொண்டு போய் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினார். எனக்குத் தெரிந்தவர்தான், என்னை அக்கா முறையில் ராத்தா என்பவர்.

"ராத்தா, பிரேக் பிடிக்கல்ல ராத்தா!"

அவர் முகத்தைப் பார்த்தால் உண்மை சொல்கிற ஆளின் முகம். என் வாயில் வைத்துக்கொண்டிருந்த அதே வசனம். சேற்றில் நின்றுகொண்டு அதைக் கேட்டபோதுதான் அது எப்படி நாறுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற பெண் சேலையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "உங்கட மில்லுல ஒரு லொறிக்கும் பிரேக் இல்லயாகா?"

ஹாஜியாருக்கு நான் தொலைபேசி எடுத்ததே இல்லை. எல்லாம் என் வீட்டுக்காரர்தான் கதைப்பார். அன்றைக்கு லொறியில் இருந்து போனை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கேட்காத தூரம் நடந்து போய்ப் பேசினேன்.

"ஹாஜியார், ஒரு பொம்புளட விதை நெல்லுக்கு மேலால லொறிய ஏத்திட்டன். ஓட்டோவுலயும் அடிக்கப் பாத்த. பிரேக் நல்லாத்தான் இரிக்கி. கட்டு இறக்கத்துல நியூட்ரல்ல விட்டன்."

ஹாஜியார் ஒன்றுதான் கேட்டார். "விட்டது ஆரு?"

"நான்தான்."

"இஞ்ச பாரு புள்ள. அவன் என்ட லொறிய எத்தினை வருஷம் ஓட்டின? அவன் இறக்கத்துல எப்பிடி வருவான் எண்டு எனக்குத் தெரியாதா? உன்ட மில் வளவு ஓட்டத்தையும் பாத்திருக்கன். நீ நியூட்ரல்ல விடுற ஆள் இல்ல." பிறகு சொன்னார். "சாவி உன்னட்ட இருக்கட்டும். நாளைக்கு நீ மட்டும் வா. அவனக் கூட்டிட்டு வந்தா ரெண்டு பேரும் வர வேணாம்."

அந்த வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேனா, அழுதேனா என்று கேட்காதீர்கள். லொறி எனக்குக் கிடைத்துவிட்டது. அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலையை நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன். பொய் சொல்லியிருந்தால் இருவரும் ஒன்றாகவே போயிருக்கலாம். இன்னொரு குளக்கட்டு வரைக்கும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் விடியச் சுபஹு தொழுதுவிட்டு நான் வெளிக்கிட்டு வருகிறேன், அவர் சட்டை போட்டு, தலை சீவி, வழக்கம்போல் வாசல் கேற்றடியில் கதிரையில் இருக்கிறார். கேட்காத மாதிரி இருக்கிறாரோ, கேட்டும் வருகிறாரோ தெரியவில்லை.

"நீங்க வேணாமாம்" என்றேன் திரும்பவும். அதைச் சொல்ல வேண்டியிருந்ததே, அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் போகவில்லை. அவர்மேல், என்மேல், ஹாஜியார்மேல், அந்தக் குளக்கட்டின்மேல்.

அவர் சாவியைப் பார்த்தார். "குளிர்ல மூணு விழாது. அவசரப்படாத" என்றார். அவ்வளவுதான்.

நான் அவசரப்பட்டேன். எங்கள் வீட்டுச் சின்ன ஒழுங்கைப் பாதை முடிகிற இடத்தில் மூன்றாம் கியருக்குத் தள்ளினேன், பற்கள் ஊருக்கே கேட்கக் கத்தின. வீட்டில் அவருக்கும் கேட்டிருக்கும். நிறுத்தவில்லை. திரும்பவும் கிளச்சை மிதித்தேன், திரும்பவும் ஏற்றினேன், "ம்" என்று என் வாய் தானாகச் சொன்னது. என் கைதான் தள்ளியது.

தம்பிமாரே, நீங்கள் போனில் கதைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனைக் கியர் போடச் சொல்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அவனுக்குக் கியர் போடத் தெரியும் என்கிறீர்கள். என் வீட்டுக்காரரைப் போலக் கியர் போடத் தெரிந்த ஆள் இந்தக் கரையிலேயே கிடையாது. அதனால் என்ன? லொறி நெல்லுக்கு நேரே போகும்போது அவர் கம்பியைப் பிடித்தார். பயந்த கை பிடிக்கக் கம்பியைத்தான் தேடும், அதில் குற்றம் இல்லை. காலும் கையும் ஒரே ஆளுடையதாக இருந்தால் அந்தக் கைக்கு வேறு வழி இராது, கியரைத்தான் பிடிக்கும். இறக்கத்தில் எஞ்சினை அவிழ்த்து விடாதீர்கள். எவ்வளவு டீசல் மிச்சம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். ரோட்டில் நெல் கிண்டுகிறவளுக்கு உங்கள் எஞ்சின் சத்தம்தான் கண். அதோடு, பிழை விட்டால் லொறியின் தலையில் போடாதீர்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

எழுதியதை யாராவது ஒருவர் சரிபார்க்க வேண்டும். குளக்கட்டின் பெயர் எனக்கு மறந்துவிட்டது, அந்த வயல் ரோட்டில் ஓடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டோவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் நினைவில்லை. வீரமுனைப் பெண் இருக்கிறாள், அவளிடம் கேட்டால் நான் விட்டதையெல்லாம் ஏச்சோடு சேர்த்துச் சொல்வாள். அன்றைக்கு நான் போட்டது இரண்டாம் கியர் என்று எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்து, "மூணு, மூணாம் கியர், திருத்து" என்று தாளைத் தட்டிக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்கள் பார்த்து எது சரியோ அதைப் போடுங்கள். நான் திருத்தமாட்டேன். அந்த நேரம் அவர் கை அங்கே இருக்கவில்லை.